சி டிரைவ் நிறைந்துவிட்டதா? அழிக்கும் முன் அளந்து பாருங்கள்

சி டிரைவில் சிவப்புக் கோடு வந்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, டெஸ்க்டாப்பில் கண்ணில் படுகிற வேர்டு ஃபைல்களையும் நாலைந்து போட்டோக்களையும் அழிப்பது. அதில் ஒன்றும் தேறாது. ஒரு வேர்டு ஃபைல் 100 கே.பி. என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் ஃபைலை உட்கார்ந்து அழித்தாலும் மிச்சமாவது 100 எம்.பி. தான். அதே டிஸ்க்கில் மறைந்திருக்கிற ஏதோ ஒரு ஃபோல்டர் 40 ஜி.பி.யை அடைத்துக்கொண்டு இருக்கும், அது அங்கே இருப்பதே வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. இடத்தைத் தின்பது எப்போதும் நாலைந்து பெரிய விஷயங்கள்தான். அவை எவை என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை, அழிப்பது அதற்கு அப்புறம்.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது விண்டோஸ் என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன், மேக் பற்றிக் கடைசியில் கொஞ்சம் வரும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 256 ஜி.பி. என்று சொல்லி வாங்கிய டிஸ்க், கம்ப்யூட்டரில் 238 ஜி.பி. என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜி.பி. என்றால் 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி வருகிற சுமார் 107 கோடி பைட்டை ஒரு ஜி.பி. என்கிறது. 1 டி.பி. டிஸ்க் 931 ஜி.பி. என்று தெரிவதும் இதனால்தான். காணாமல் போன அந்த இடத்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எவ்வளவு காலியாக இருந்தால் போதும்? 15 முதல் 20 சதவீதம் வரை காலியாக வைத்திருந்தால் நிம்மதி. எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் எழுதும் டிஸ்க்) என்றால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அதில் ஏற்கெனவே எழுதியதன் மேலேயே நேராக எழுத முடியாது, ஒரு பெரிய பிளாக்கை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத முடியும். காலி பிளாக்குகள் கைவசம் நிறைய இருக்கும்வரை பிரச்சினை இல்லை, அவை குறைந்துபோனால் ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு நகர்த்தி, பிளாக்கை அழித்து, அப்புறம் எழுத வேண்டியிருக்கும். நிறைந்துபோன கம்ப்யூட்டர் திணறுவதற்கு இது ஒரு காரணம். விண்டோஸ் அப்டேட் இறங்கி விரிவதற்கும் இடம் வேண்டும்.

அளப்பது எப்படி

செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ் என்று போனால் ஆப்ஸ், டெம்பரரி ஃபைல்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் என்று வகை பிரித்துக் காட்டும். முதல் பார்வைக்கு இது போதும். ஆனால் பெரும்பங்கு இடம் 'அதர்' என்ற தலைப்பின் கீழ் போய் நிற்கும்போது இந்தப் பட்டியலால் பயனில்லை. அப்போது விஸ்ட்ரீ அல்லது வின்டர்ஸ்டாட் மாதிரி ஒரு கருவி வேண்டும். இரண்டையும் வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகவே பயன்படுத்தலாம், அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். விஸ்ட்ரீ ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து பார்ப்பதில்லை, டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் எழுதி வைத்திருக்கிற அட்டவணையை நேரடியாகப் படிக்கிறது, அதனால் லட்சக்கணக்கான ஃபைல்கள் இருந்தாலும் சில நொடிகளில் முடித்துவிடும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் எல்லா ஃபோல்டரும் தெரியும், அதை மறக்க வேண்டாம்.

திறந்ததும் அளவு வாரியாக மேலிருந்து கீழே ஒரு பட்டியல் வரும். ஒரு சராசரி வீட்டுக் கம்ப்யூட்டரில் அது எப்படி இருக்கும் என்றால்: மேலே யூசர்ஸ் ஃபோல்டர், அடுத்து விண்டோஸ், அடுத்து புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குக் கீழே ஃபோல்டர் எதற்குள்ளும் இல்லாமல் தனியாக நிற்கிற ஹைபர்ஃபில், பேஜ்ஃபைல் என்ற இரண்டு பெரிய ஃபைல்கள். யூசர்ஸை விரித்தால் உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர், அதை விரித்தால் டவுன்லோட்ஸ், வீடியோஸ், பிக்சர்ஸ் எல்லாவற்றுக்கும் மேலே ஆப்டேட்டா என்று ஒன்று நிற்கும். சாதாரணமாக ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அது கண்ணுக்கே தெரியாது, மறைத்து வைத்திருப்பார்கள். பல கம்ப்யூட்டர்களில் விடை அங்கேதான் இருக்கிறது.

இந்தப் பட்டியலைப் பார்த்து முதல் பத்து இடங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் எதையும் அழிக்க வேண்டாம்.

கண்ணை மூடிக்கொண்டு அழிக்கக்கூடியவை

ரீசைக்கிள் பின்னில் கிடப்பதெல்லாம் இன்னும் உங்கள் டிஸ்க்கில்தான் கிடக்கிறது, அதைக் காலி செய்யும்வரை ஒரு எம்.பி. கூடத் திரும்பி வராது. ஒருமுறை உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணோட்டம் விட்டுவிட்டுக் காலி செய்யுங்கள். எஸ்.எஸ்.டி.யில் காலி செய்தபின் மீட்பது அநேகமாக நடக்காது, அழித்த இடத்தை விண்டோஸ் உடனே டிஸ்க்குக்குத் தெரிவித்துவிடும், டிஸ்க்கும் அதைத் துடைத்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் சிலர் மீட்டதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த நம்பிக்கையை இங்கே வைக்க வேண்டாம்.

அடுத்து அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸ். விண்டோஸ் அப்டேட் கிளீனப், டெலிவரி ஆப்டிமைசேஷன், தம்ப்நெயில்ஸ் ஆகியவற்றைத் தயங்காமல் டிக் செய்யலாம். பெரிய அப்டேட் ஒன்று சமீபத்தில் வந்திருந்தால் பழைய விண்டோஸ் முழுசாக விண்டோஸ் ஓல்டு என்ற ஃபோல்டரில் இருக்கும், பத்து இருபது ஜி.பி. கூட வரும். புதிய பதிப்பு பிடிக்காவிட்டால் திரும்பிப் போவதற்காக வைத்திருப்பது அது, சாதாரணமாக 10 நாளில் விண்டோஸே அழித்துவிடும். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது, பிரிண்டர் வேலை செய்கிறது என்று உறுதியானால் அதற்கு முன்பே அழித்துவிடலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. இதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும். பெயர் டெம்பரரி என்று சொன்னாலும் அது உங்களுடைய டவுன்லோட்ஸ் ஃபோல்டரேதான், அதை டிக் செய்தால் மொத்தமும் போய்விடும். பலர் முக்கியமான சான்றிதழையும் வங்கி அறிக்கையையும் அங்கேயே விட்டு வைத்திருப்பார்கள். எனவே அந்த ஃபோல்டரை மட்டும் கையால் திறந்து, அளவு வாரியாக அடுக்கி, ஏற்கெனவே இன்ஸ்டால் செய்துவிட்ட செட்டப் ஃபைல்கள், ஐ.எஸ்.ஓ. ஃபைல்கள் (ஒரு முழு டிஸ்க்கின் நகல்), பார்த்து முடித்த வீடியோக்கள், பிரித்து எடுத்த பிறகும் கிடக்கிற ஜிப் ஃபைல்கள் ஆகியவற்றை நீங்களே பார்த்து அழியுங்கள்.

ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற வசதியை ஆன் செய்து வைத்தால் ரீசைக்கிள் பின்னில் 30 நாளுக்கு மேல் கிடப்பதை அதுவே அழித்துக்கொண்டிருக்கும். நல்ல வசதி. அதிலும் டவுன்லோட்ஸுக்கான இடத்தில் 'நெவர்' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைபர்ஃபில் என்கிற பெரிய ஃபைல்

கம்ப்யூட்டரை ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருக்கிற வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைக்கும்போது, ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருப்பதை எழுதி வைக்க விண்டோஸ் ஒதுக்குகிற இடம் இது. விண்டோஸ் 10, 11-ல் ரேமின் அளவில் சுமார் 40 சதவீதம் எடுத்துக்கொள்ளும், அதாவது 16 ஜி.பி. ரேம் இருந்தால் ஆறு ஜி.பி.க்கு மேல். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் ஹைபர்னேட் பயன்படுத்தாதவர்களுக்கு இது தேவையே இல்லை. நேரடியாக அழிக்க முயன்றால் விடாது. ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்டைத் தேடி, ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் இடைவெளியில்லாமல் சேர்த்து அடித்து, ஓர் இடம் விட்டு முன்சாய்கோடும் எச் எழுத்தும், மறுபடி ஓர் இடம் விட்டு ஆஃப் என்று அடித்து என்டர் தட்டுங்கள். எந்தச் செய்தியும் வராது, கர்சர் அடுத்த வரிக்குப் போகும், அவ்வளவுதான். ஃபைல் போயிருக்கும். ஆஃப் இருந்த இடத்தில் ஆன் என்று அடித்தால் திரும்ப வந்துவிடும்.

இதனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் நின்றுபோகும், கம்ப்யூட்டர் திறக்கச் சில நொடி கூடலாம். லேப்டாப்பில் நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். ஸ்லீப்பில் போட்டுவிட்டுப் போய் பேட்டரி தீர்ந்துபோனால், சேவ் செய்யாத வேலையைக் காப்பாற்றுவது இந்த ஃபைல்தான். பக்கத்தில் இருக்கிற பேஜ்ஃபைலை எந்தக் கம்ப்யூட்டரிலும் விட்டுவிடுங்கள், ரேம் போதாதபோது விண்டோஸ் அதைத்தான் நம்பியிருக்கிறது.

ஆப்டேட்டாவுக்குள் என்ன இருக்கிறது

இந்த ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிடக் கூடாது, ஒவ்வொரு மென்பொருளும் தன் செட்டிங்ஸை வைத்திருக்கும் இடம் இது. உள்ளே எது பெரிதோ அதன் பெயரைப் பார்த்து, அந்தந்த மென்பொருளைத் திறந்து அதன் வழியாகவே காலி செய்ய வேண்டும்.

பிரவுசர் என்றால் ஹிஸ்டரியை அழிக்கிற பகுதிக்குப் போய் கேச் செய்த (தளங்கள் வேகமாகத் திறக்கத் தற்காலிகமாகச் சேமித்த) படங்கள், ஃபைல்கள் என்ற வரியை மட்டும் டிக் செய்யுங்கள். குக்கீயையும் பாஸ்வேர்டையும் சேர்த்து டிக் செய்துவிட்டால் எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டி வரும், பாஸ்வேர்டு நினைவில் இல்லாதவர்களுக்கு அது பெரிய தலைவலி. டெலிகிராமில் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதியில் உள்ளூர் சேமிப்பைக் காலி செய்கிற பொத்தான் இருக்கிறது, சாதாரண உரையாடல்களில் வந்த படமும் வீடியோவும் அதன் சர்வரில் இருப்பதால் வேண்டும்போது திரும்ப இறக்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பை அப்படி நினைத்துவிடாதீர்கள். வந்த ஃபைலை அது சர்வரில் நெடுநாள் வைத்திருப்பதில்லை, அதனால் கம்ப்யூட்டரிலும் போனிலும் அழித்துவிட்டால் அனுப்பியவரிடம்தான் மறுபடி கேட்க வேண்டும்.

வீட்டில் யாராவது வீடியோ எடிட்டிங் செய்கிறார்களா? அப்படியென்றால் மீடியா கேச்சை உடனே பாருங்கள். அடோபி பிரீமியர் ஒவ்வொரு கிளிப்புக்கும் துணை ஃபைல்களை உருவாக்கி ஆப்டேட்டாவுக்குள் போட்டுக்கொண்டே இருக்கும், வேலை முடிந்து புராஜெக்டையே அழித்தாலும் அவை அங்கேயே இருக்கும். பிரிஃபரன்சஸில் மீடியா கேச் என்ற பக்கத்தில் அவற்றை அழிக்கலாம், வேறு டிரைவுக்கு மாற்றலாம்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் எப்போதாவது ஒருமுறை கம்ப்யூட்டரில் பேக்கப் எடுத்திருந்தால் அதுவும் இந்தப் பட்டியலில் பெரிதாக நிற்கும். மொபைல்சிங்க் என்ற ஃபோல்டர் அது. மாற்றிவிட்ட பழைய போனின் பேக்கப் இன்னும் இருந்தால் ஐடியூன்ஸ் வழியாகப் பார்த்து அழியுங்கள்.

விளையாட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இன்றைய பெரிய கேம்களில் சில தனியாகவே 100 ஜி.பி.க்கு மேல் போகின்றன. ஸ்டீம் போன்றவற்றில் விளையாடாததை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு வேண்டும்போது மறுபடி இறக்கலாம், சேவ் செய்த ஆட்டம் கிளவுடில் இருக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டோவும் வீடியோவும்

இங்கே அவசரப்பட வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் மறுபடி இறக்கலாம், மறுபடி இன்ஸ்டால் செய்யலாம், குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோவை மறுபடி எடுக்க முடியாது.

இடத்தை எடுப்பது போட்டோவைவிட வீடியோதான். ஐபோன் கணக்கில் பார்த்தால், சிக்கனமான புதிய ஃபார்மட்டில் எடுத்தாலும் ஒரு நிமிட 4கே வீடியோ 30 ஃபிரேமில் சுமார் 170 எம்.பி., அதையே 1080-ல் எடுத்தால் சுமார் 60 எம்.பி. ஆக, அரைமணி நேர 4கே வீடியோ ஒன்று 5 ஜி.பி. அதனால் வீடியோஸ் ஃபோல்டரை அளவு வாரியாக அடுக்கி மேலே இருக்கிற இருபதைப் பார்த்தாலே போதும், சட்டைப்பைக்குள் தவறுதலாக ரெக்கார்டு ஆனது, ஒரே நிகழ்ச்சியை மூன்று பேர் எடுத்தது என்று சில கண்டிப்பாக இருக்கும்.

அடுத்தது ஒரே படம் பல இடத்தில் இருப்பது. போனை இணைத்து மொத்தமாகக் காப்பி செய்கிறோம், அடுத்த ஆண்டும் மறுபடி மொத்தமாகக் காப்பி செய்கிறோம், நியூ ஃபோல்டர், நியூ ஃபோல்டர் 2 என்று வரிசையாக நிற்கிறது. டூப்குரு, செகாவ்கா போன்ற இலவசக் கருவிகள் ஃபைலின் பெயரை மட்டும் பார்க்காமல் உள்ளடக்கத்தையே ஒப்பிட்டு, பைட்டுக்குப் பைட் ஒன்றாக இருப்பவற்றைக் காட்டும். போட்டோ ஃபோல்டர்களை மட்டும் கொடுத்து ஓட விடுங்கள், சி டிரைவ் முழுவதையும் கொடுக்காதீர்கள், விண்டோஸுக்குள்ளும் மென்பொருள்களுக்குள்ளும் ஒரே ஃபைல் பல இடத்தில் இருப்பது அவசியத்தினால்தான். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கிற படங்கள் என்று இன்னொரு வகைத் தேடலும் இருக்கும், அதை நம்பி மொத்தமாக அழிக்கக் கூடாது, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

ஜிப் செய்தால் சிறிதாகிவிடும் என்று நினைத்துப் போட்டோக்களை ஜிப் செய்ய வேண்டாம். ஜேபெக், எம்.பி.4 எல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, ஜிப் அதற்குமேல் சுருக்காது. ஆன்லைன் வகுப்புப் பதிவு, ஸ்கிரீன் ரெக்கார்டிங் போன்றவற்றை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.265 என்ற அதிகம் சுருக்கும் வீடியோ முறைக்கு மாற்றினால் நன்றாகவே சிறிதாகும். குடும்ப வீடியோவின் மூலப் பிரதியை மட்டும் அப்படி மாற்றிவிட்டு அழிக்காதீர்கள், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் தரம் கொஞ்சம் போகும், போனது திரும்ப வராது.

எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாற்றும்போது கட் செய்து பேஸ்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காப்பி செய்யுங்கள். முடிந்ததும் இரண்டு ஃபோல்டரிலும் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒன்றா என்று பாருங்கள். டிஸ்க்கை எஜெக்ட் செய்து கழற்றி மறுபடி மாட்டி, நடுவில் இருந்து நாலைந்து படத்தையும் ஒரு நீளமான வீடியோவின் கடைசி நிமிடத்தையும் திறந்து பாருங்கள். சரியாக இருந்தால் அப்புறம் சி டிரைவில் உள்ளதை அழிக்கலாம். இன்னொன்று, அழித்த பிறகு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருப்பது பேக்கப் அல்ல, அதுவே ஒரே பிரதி. அந்த டிஸ்க் கீழே விழுந்தால் எல்லாம் போச்சு. இன்னொரு டிஸ்க்கிலோ கிளவுடிலோ இரண்டாவது பிரதி கட்டாயம் வேண்டும்.

கிளவுடில் இருக்கிறதே என்று அழிப்பவர்கள் கவனிக்கவும். ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலை டெலீட் செய்தால் அது கிளவுடிலும், உங்கள் மற்ற கம்ப்யூட்டரிலும் சேர்த்தே அழியும். ஒத்திசைவு என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருப்பது, பேக்கப் அல்ல. பல கம்ப்யூட்டர்களில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றுமே ஒன்டிரைவுக்குள் இருக்கும், வைத்திருப்பவருக்கே அது தெரியாது. டெலீட் செய்யாமல், ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபைலின் பெயர் அங்கேயே இருக்கும், ஓரத்தில் சின்ன மேக அடையாளம் வரும், இடம் மட்டும் காலியாகும். தவறி அழித்துவிட்டால் தனிநபர் ஒன்டிரைவிலும் கூகுள் டிரைவிலும் குப்பைப் பகுதியில் 30 நாள் இருக்கும், உடனே போய் மீட்டுவிடுங்கள்.

தொடக் கூடாதவை

விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று பெரிதாகத் தெரியும். அதில் உள்ள பல ஃபைல்கள் வேறு இடத்தில் இருக்கிற அதே ஃபைல்கள்தான், ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர் இருப்பதால் எக்ஸ்ப்ளோரர் இரண்டு முறை எண்ணிவிடுகிறது. உண்மையான அளவு காட்டுவதைவிடக் குறைவு. கையால் அதிலிருந்து எதையும் அழித்தால் விண்டோஸ் திறக்காமலே போகலாம். இன்ஸ்டாலர் என்ற ஃபோல்டரும் அப்படித்தான், அதை அழித்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, பிறகு ஏதாவது மென்பொருளை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போதுதான் பிரச்சினை தெரியும்.

ஒரே கிளிக்கில் சுத்தம் செய்கிறோம் என்று வருகிற கிளீனர் மென்பொருள்களை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் செட்டிங்ஸை எழுதி வைக்கிற பதிவேடு) சுத்தம் செய்வதால் சொல்லும்படி இடம் கிடைக்காது, கெடுவதற்கு வாய்ப்பு உண்டு, மைக்ரோசாஃப்டே இத்தகைய கருவிகளை ஆதரிப்பதில்லை. மிகவும் பிரபலமான சிகிளீனரின் 5.33 பதிப்பில் 2017-ல் வெளியாட்கள் தீங்குநிரலை நுழைத்து, அது அதிகாரபூர்வத் தளத்தின் வழியாகவே பயனர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கம்ப்யூட்டர் முழுவதற்கும் அனுமதி கேட்கிற ஒரு மென்பொருளை, விண்டோஸிலேயே இருக்கிற வேலைக்காக உள்ளே விட வேண்டியதில்லை.

மேக் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஸ்டோரேஜ். அங்கே 'சிஸ்டம் டேட்டா' பெரிதாகத் தெரிந்தால் மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் அதே டிஸ்க்கில் எடுத்து வைக்கிற ஸ்னாப்ஷாட்டுகள் காரணமாக இருக்கலாம், இடம் தேவைப்படும்போது மேக்கே அவற்றை விடுவித்துவிடும். ஐபோன் பேக்கப்பை ஃபைண்டர் வழியாக நீக்கலாம். ட்ராஷில் 30 நாளுக்கு மேல் இருப்பதைத் தானாக அழிக்கும் வசதியையும் ஆன் செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் போதவில்லையா? டி டிரைவ் இருந்தால் வீடியோஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களின் பிராபர்ட்டீஸில் லொகேஷன் என்ற தாவலில் புதிய இடத்தைக் கொடுத்து நகர்த்தலாம், ஆனால் ஒன்டிரைவுக்குள் இருக்கிற ஃபோல்டரை இப்படி நகர்த்தும் முன் அதன் ஒத்திசைவை நிறுத்த வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸை இப்படி இழுத்துப் போட முடியாது. டி டிரைவிலிருந்து இடத்தை வெட்டி சி டிரைவோடு சேர்ப்பது கேட்பதற்குச் சுலபமாக இருக்கும், ஆனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட், சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல இருக்கிற காலி இடத்தை மட்டுமே சேர்க்கும், நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் பழுதானால் மீட்க ஒதுக்கிய பகுதி) நின்றால் சேர்க்காது.

128 ஜி.பி. டிஸ்க்கில் விண்டோஸும் ஆபீஸும் குடும்பத்தின் படங்களும் சேர்ந்து இருந்தால் எவ்வளவு அழித்தாலும் சில மாதத்தில் மறுபடி நிறையும், பெரிய எஸ்.எஸ்.டி. வாங்குவதுதான் வழி. வாங்கும் முன் உங்கள் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்வது சாட்டா வகையா, எம்.2 வகையா என்று பாருங்கள், மலிவான சில லேப்டாப்களில் மதர்போர்டிலேயே ஒட்டிய இ.எம்.எம்.சி. என்ற சேமிப்புச் சில்லு இருக்கும், அதைக் கழற்றி மாற்ற முடியாது. பழைய டிஸ்க்கை அப்படியே புதியதற்கு குளோன் செய்து மாட்டிய பிறகு, புதியது சில வாரம் தொல்லையில்லாமல் ஓடும்வரை பழையதை ஃபார்மட் செய்யாமல் எடுத்து வையுங்கள்.